ஜன்னல் இல்லாத அறையில் வடக்கு எது?

ஆசிரியர் உரை

எல்லா இயக்கமும் சார்பு இயக்கமே. பதினொன்றாம் வகுப்பில் இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இயக்கவியலைத் தொடங்குகிற ஆசிரியர் நம்மில் அரிது. ராயபுரம் ஸ்டேஷனில் நிற்கும் ரயில், பக்கத்துத் தண்டவாளத்தில் நகரும் ரயில் என்று உதாரணமும் கைவசம் இருக்கும். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். சில வாரம் கழித்து வட்ட இயக்கம் வரும். மையவிலக்கு விசையைப் போலி விசை என்று போர்டில் எழுதி அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போவோம். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வரும்: "சார், எல்லாம் சார்புன்னு சொன்னீங்களே, அப்போ பூமி நிக்குது, வானம்தான் சுத்துதுன்னு வெச்சுக்கிட்டா என்ன தப்பு?"

இந்தக் கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் இரண்டு. "சிலபஸ்ல இல்ல, உட்காரு" என்பது ஒன்று. "ஐன்ஸ்டைன் படி அதுவும் சரிதான்" என்பது மற்றொன்று. முதலாவதால் கெடுதல் குறைவு. இரண்டாவது கேட்பதற்கு ஆழமாக இருக்கிறது, ஆனால் தவறு. சுழற்சியைப் பற்றிய இந்தச் சிறப்பிதழை அந்தத் தவற்றிலிருந்து தொடங்குவதே சரி என்று படுகிறது. சான்றுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள கடற்கரையிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கிறது.

முதலில் அத்திப்பட்டு. வடசென்னை அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகில் டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் உலோகத் துணுக்கின் மையநோக்கு முடுக்கத்தைக் கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு வரும். அந்த இடத்தில் ஒரு கிலோ எஃகைப் பிடித்து வைக்கப் பத்து டன் எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். நீளமான பிளேடுகளின் வேரை ரோட்டர் பள்ளத்தில் பல்லுக்குப் பல் கோத்து வைப்பது இதற்காகத்தான். இப்போது ரோட்டரோடு சேர்ந்து சுழலும் குறிப்பாயத்துக்கு மாறி எழுதிப் பாருங்கள். ரோட்டர் ஓய்வில் இருக்கிறது; டர்பைன் ஹால், மேலே ஓடும் கிரேன், கன்ட்ரோல் ரூம், எண்ணூர் கழிமுகம், வங்காள விரிகுடா அத்தனையும் எதிர்த்திசையில் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகின்றன. இடமாற்றத்தை மட்டும் எழுதும் வரைக்கும் இந்த விவரிப்பில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் இழுபடுவது பிளேடின் வேர்; கன்ட்ரோல் ரூம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் இழுபடவில்லை. இரண்டு இடத்திலும் திரிபு அளவியை ஒட்டிவிட்டால் யார் சுற்றுகிறார் என்ற விவாதம் அங்கேயே முடிந்துவிடும். சீரான நேர்கோட்டு வேகத்துக்கு இப்படி ஒரு கருவியை ஒட்டிக் காட்ட முடியாது. கலிலியோ கண்ட சார்பு அதற்கு மட்டும்தான்.

டர்பைன் சுற்றுவதை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதால் இந்த உதாரணம் மாணவரை அசைக்காமல் போகலாம். பூமிக்கு வருவோம். சென்னைத் துறைமுகத்திலோ காமராஜர் துறைமுகத்திலோ நிற்கும் எந்தப் பெரிய கப்பலிலும் கைரோ காம்பஸ் இருக்கும். அது இருக்கும் அறைக்கு ஜன்னல் தேவையில்லை. நாலு பக்கமும் இரும்புச் சுவர் இருந்தாலும் கவலையில்லை. காந்தம் அதன் வேலையில் எங்கும் வராது. வேகமாகச் சுழலும் சக்கரத்தின் அச்சைக் கிழக்கு நோக்கிக் கிடைமட்டமாக வைத்தால், அச்சு தன் திசையை விடாமல் இருக்க, அதன் கீழே தரை சாய்கிறது. அச்சு கிடைமட்டத்திலிருந்து விலகியதும், சக்கரத்தோடு இணைத்துள்ள எடை கீழே இழுக்கிறது. அந்தத் திருப்புவிசைக்குச் சக்கரம் பக்கவாட்டில் திரும்பிப் பதில் சொல்கிறது. இந்தத் திரும்பலைத் தணித்துக் கட்டுப்படுத்தினால், சில மணி நேரத்தில் அச்சு உண்மையான வடக்கில் வந்து நிற்கும். கப்பல் கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே கைரோவைப் போட்டு வைப்பது இதனால்தான்; அது 'செட்டில்' ஆக வேண்டும்.

நட்சத்திரத்தையோ சூரியனையோ கரையையோ பார்க்காமல் ஓர் எந்திரம் பூமியின் சுழல் அச்சு எந்தப் பக்கம் என்று சொல்கிறது. அண்டத்தில் மேகம் மூடிய ஒரே ஒரு கோள் மட்டும் இருந்து, அதில் வசிப்பவர்கள் வானத்தையே பார்த்ததில்லை என்றாலும், அவர்களால் தங்கள் கோள் சுற்றுவதைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றே நமக்குத் தெரிந்த இயக்கவியல் சொல்கிறது. (அப்படி ஒரு கோள் மட்டுமே இருக்கும் அண்டத்தில் இது நடக்குமா என்பதுதான் எர்ன்ஸ்ட் மாக் எழுப்பிய கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.)

கைரோவைப் பற்றி இன்னொரு விவரம் உண்டு. பாடநூல்களில் இது வருவதில்லை. டெக் கேடட்டுகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பூமியின் கோணத் திசைவேகம் மணிக்கு 15.04 டிகிரி. துறைமுகத்தின் அட்சரேகை ஏறத்தாழ 13.1 டிகிரி, எனவே இங்கே கிடைமட்டத்தில் வடக்கு நோக்கிய கூறு மணிக்கு 14.65 டிகிரி. கப்பல் எண்ணூருக்கு வெளியே ஆழ்கடலில் நேர் வடக்கே 15 நாட் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடல் மைல் என்பதே பூமி மையத்தில் ஒரு கலை அளவுள்ள தூரம். ஆகவே அந்தக் கப்பல் பூமியின் வளைவைச் சுற்றி மணிக்கு 15 கலை, அதாவது கால் டிகிரி சுழல்கிறது. அந்தச் சுழற்சியின் அச்சு மேற்கு நோக்கி இருக்கும். 14.65 வடக்கு, 0.25 மேற்கு. இரண்டு வெக்டரையும் கூட்டினால் கைரோ நிற்கும் திசை உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ ஒரு டிகிரி மேற்கே தள்ளி விழும். மாலுமிகள் இதை வேகப் பிழை என்கிறார்கள். அதற்குத் திருத்தமும் போடுகிறார்கள். நேர் கிழக்கே போனால் இந்தப் பிழை இல்லை, ஏனென்றால் அப்போது கப்பலின் சுழற்சியும் வடக்கு நோக்கியே சேர்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கைரோவுக்குக் கப்பலின் வேகம் தெரியவே தெரியாது. தட்டையான கடலில் நேர்கோட்டில் எவ்வளவு வேகமாகப் போயிருந்தாலும் முள் அசைந்திருக்காது. கடல் வளைந்திருப்பதால் அந்தப் போக்கில் ஒளிந்திருக்கும் கால் டிகிரி சுழற்சியைத்தான் அது பிடிக்கிறது. எது சார்பு, எது சார்பில்லை என்ற வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியாது. வெக்டர் கூட்டல் நடத்தும் வாரத்திலேயே இதைக் கொடுக்கலாம். அப்பா ஹார்பரில் வேலை பார்க்கிறார் என்று சொல்லும் பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்றாவது இருக்கும் பகுதி இது.

மெட்ராஸுக்கு இந்த வரலாற்றில் ஒரு சிறு பங்கும் உண்டு. நுங்கம்பாக்கத்திலிருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1821-இல் விநாடி ஊசலின் நீளத்தை அளந்தார். முடிவுகள் அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தன. லண்டனில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தை எதையும் மாற்றாமல் இங்கே கொண்டுவந்து மாட்டினால் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் பின்தங்கும். இரு நகரங்களின் ஈர்ப்பு முடுக்க வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரடியாகச் சுழற்சியால் வருவது. மிச்சம் பூமி நடுவில் பருத்திருப்பதால். அந்தப் பருமனும் சுழற்சியின் விளைவுதான். ஆனாலும் ஊசல் கடிகாரத்தைச் சுழற்சிக்கு நேரடிச் சான்றாக வகுப்பில் வைக்க வேண்டாம் என்பேன். பூமியின் உள்ளே நிறை வேறு மாதிரி பரவியிருக்கிறது என்று சொல்லி ஒரு சாமர்த்தியமான மாணவர் தப்பித்துவிடலாம். கைரோ அந்த வாய்ப்பைக் கொடுப்பதில்லை.

இனி விவாதம். 1687-இல் நியூட்டன் சொன்ன வாளி சோதனையை நாம் எல்லோரும் அறிவோம். கயிற்றை முறுக்கி விட்ட வாளியில் தண்ணீர் முதலில் தட்டையாக இருக்கிறது. அப்போதுதான் வாளிக்கும் தண்ணீருக்கும் இடையே சார்பு இயக்கம் அதிகம். கடைசியில் தண்ணீர் வாளியோடு சேர்ந்து சுற்றும்போது சார்பு இயக்கம் இல்லை, ஆனால் மேற்பரப்பு குழிந்திருக்கிறது. குழிவுக்குக் காரணம் வாளியைப் பொறுத்த இயக்கம் இல்லை என்பதுவரை இந்தச் சோதனை அசைக்க முடியாதது. அதிலிருந்து நியூட்டன் தனிவெளி என்ற ஒன்றுக்குத் தாவினார். அந்தத் தாவலைத்தான் லைப்னிட்ஸ் எதிர்த்தார். ஆனால் 1715, 1716 ஆண்டுகளில் நியூட்டன் பக்கம் வாதாடிய கிளார்க்குக்கு எழுதிய கடிதங்களின் கடைசியில் அவரே, ஒரு பொருளின் மெய்யான இயக்கத்துக்கும் வெறும் இட உறவு மாற்றத்துக்கும் வேறுபாடு உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டார். எதிர்க்கட்சிக்காரரே ஒப்புக்கொண்ட இடம் இது.

எர்ன்ஸ்ட் மாக் 1883-இல் கேட்டது இன்னும் கூர்மை. வாளியின் சுவர் மெல்லியது. அது பல மைல் தடிமனாக இருந்தால் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? தண்ணீர் குழிவது தனிவெளியைப் பொறுத்து என்று ஏன் சொல்ல வேண்டும், தொலைதூர நட்சத்திரங்களைப் பொறுத்து என்று சொன்னால் என்ன? மாக் சுழற்சியின் விளைவை மறுக்கவில்லை. அந்த விளைவுக்குக் கணக்குப்பிள்ளை யார் என்று கேட்டார். பல நூல்கள் இந்த இரண்டையும் குழப்புகின்றன. நம் வழிகாட்டிப் புத்தகங்களைக் கேட்கவே வேண்டாம்.

ஐன்ஸ்டைன் மாக்கின் பக்கம் சாய்ந்தார் என்பது ஊரறிந்தது. அதே காலத்தில் அவர் கைரோ காம்பஸுக்குள் தலையை விட்டிருந்தார் என்பது அவ்வளவு தெரிவதில்லை. ஜெர்மனியின் அன்ஷுட்ஸ் நிறுவனத்துக்கும் அமெரிக்காவின் ஸ்பெர்ரி நிறுவனத்துக்கும் நடந்த காப்புரிமை வழக்கில் நீதிமன்றத்துக்குத் தொழில்நுட்ப வல்லுநராக இருந்தவர் அவர். 1915-ஆம் ஆண்டு, பொதுச் சார்பியல் முடிவுக்கு வந்த அதே ஆண்டு. பின்னாளில் அன்ஷுட்ஸ் கருவியின் வடிவமைப்பிலும் உதவி ராயல்டி பெற்றார். ஆகவே 1916-இல் அவர் எழுதிய பெரிய கட்டுரையின் தொடக்கத்தில், ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் மிதக்கும் இரண்டு திரவக் கோளங்களில் ஒன்று மட்டும் பருத்திருப்பதற்குக் காரணம் தொலைதூர நிறைகளில்தான் இருக்க வேண்டும் என்று வாதிட்டபோது, சுழல்கிற சக்கரம் என்ன செய்யும் என்று தெரியாமல் எழுதவில்லை.

ஆனால் அவர் எழுதிய சமன்பாடுகள் அவர் சொல்லுக்கு முழுதும் கட்டுப்படவில்லை. சுழலும் வெற்றுக்கூட்டின் உள்ளே கோரியாலிஸ் விசை போன்ற ஒன்று எழுகிறது என்று 1918-இல் திர்ரிங் காட்டினார். அளவோ மிகமிகச் சிறிது. அந்தக் கூடு கருந்துளையாகும் எல்லையை நெருங்கும் அளவுக்கு நிறையுடையதாக இருந்தால் உள்ளே உள்ள நிலைமக் குறிப்பாயம் கூட்டோடு முழுக்க இழுபடும் என்று 1966-இல் பிரில்லும் கோஹனும் கணக்கிட்டனர். மாக்கின் மைல் கணக்கான சுவருக்கு இதைவிட நல்ல பதில் இதுவரை இல்லை. 2004-இல் ஏவப்பட்ட கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோள், பூமி தன் சுழற்சியால் அருகிலுள்ள குறிப்பாயத்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 37 மில்லி விகலை இழுப்பதாக 2011-இல் அறிவித்தது. கோட்பாடு சொன்னது 39. பிழை வரம்பு 7. மாக்கின் கருத்தில் சரக்கு இருக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் எதிர்ப்பக்கத்துக்கும் சரக்கு உண்டு. அண்டம் முழுவதும் சுழலும் ஒரு தீர்வை 1949-இல் கர்ட் கோடல் அதே சமன்பாடுகளிலிருந்து எடுத்துக் காட்டினார். எல்லா நிறைகளும் எதைப் பொறுத்துச் சுழல்கின்றன? அங்கங்கே வைத்த கைரோக்களைப் பொறுத்துத்தான். மாக் சொன்னபடி நடந்தால் இப்படி ஒரு தீர்வு வரவே கூடாது. கடைசிக் காலத்தில் ஐன்ஸ்டைன் மாக் கொள்கையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

இந்த விவாதத்தில் நம் நாட்டவர் இருவரைச் சொல்லாமல் போக முடியாது. அமல் குமார் ராய்சௌதுரி 1955-இல் எழுதிய சமன்பாட்டில் சுழற்சிக்குத் தனி உறுப்பே உண்டு. பொருள்திரளின் குவிதலை எதிர்த்து நிற்கும் உறுப்பு அது. குறிப்பாயத்தை மாற்றி அதைப் பூஜ்யமாக்கிவிட முடியாது. ஜெயந்த் நாரளீகர் 1964-இல் ஃபிரெட் ஹாயிலுடன் சேர்ந்து, ஒவ்வொரு துகளின் நிறையும் மற்ற எல்லாத் துகள்களாலும் வருகிறது என்ற மாக்கியக் கோட்பாட்டை உருவாக்கினார். அது பெரும்பான்மையோரின் ஏற்பைப் பெறவில்லை. ஆனால் மாக்கை மேற்கோளோடு நிறுத்தாமல் சமன்பாடாக எழுத உட்கார்ந்த சிலரில் அவர் ஒருவர்.

ஆகவே, கடைசி பெஞ்சுக்கு என்ன சொல்வது? பொதுச் சார்பியலில் எந்த ஆயத்தையும் தேர்ந்தெடுக்கலாம். பூமியை நிறுத்தி வைத்தும் எழுதலாம். அது எழுதுகிறவரின் உரிமை. ஆயத்தை மாற்றுவதால் கைரோ திரும்பும் வேகம் மாறாது. பூமி சுற்றாத அண்டமும் நம் அண்டமும் ஒன்றாகிவிடாது. டாலமியும் கோப்பர்நிக்கஸும் சமம் என்று மேடைப் பேச்சில் கைதட்டு வாங்கலாம். விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் தரக் கூடாது. ஓர் இடத்தில் ஒரு பொருள் சுழல்கிறதா என்பது அந்த இடத்திலேயே அளக்கக்கூடிய உண்மை. அந்த வகையில் சுழற்சி சார்பற்றது. அந்த அளவீட்டின் பூஜ்யம் ஏன் இந்த இடத்தில் நிற்கிறது, அதைத் தீர்மானிப்பது அண்டத்தின் நிறைகளா, வெளிநேரத்துக்கே உரிய இயல்பா என்பது வேறு கேள்வி. அது இன்னும் முடியவில்லை என்று மாணவரிடம் சொல்ல நாம் கூச்சப்படத் தேவையில்லை.

அந்த இரண்டாம் கேள்வி வெறும் தத்துவம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எண். மேலே பூமியின் சுழற்சியை மணிக்கு 15.04 டிகிரி என்று எழுதினேன். சூரியனை வைத்துக் கணக்கிட்டால் சரியாக 15 வர வேண்டும். 15.04 என்பது நட்சத்திரங்களைப் பொறுத்த வீதம். வானத்தைப் பார்க்காத கருவி ஒன்று எதைக் காட்டும்? ஜெர்மனியின் வெட்செல் ஆய்வகத்தில் நிலத்தடியில் இயங்கும் வளைய லேசர், நாளின் நீளத்தில் ஏற்படும் சில மில்லி விநாடி மாற்றத்தைக்கூடப் பிடிக்கும் நுட்பம் வாய்ந்தது. அது காட்டுவது 15.04. நிலத்தடியில் அடைந்து கிடக்கும் ஒளிக்கதிர், தான் பார்த்திராத நட்சத்திரங்களின் பக்கம் சாட்சி சொல்கிறது. நியூட்டனின் கணக்கில் இது தற்செயல். தொலைதூரப் பொருள்கள் மொத்தமாகச் சுழலாமல் இருப்பது அவர் கோட்பாட்டிலிருந்து வருவதில்லை. அண்ட நுண்ணலைப் பின்னணியில் தேடியும் அண்டச் சுழற்சியின் சுவடு இதுவரை சிக்கவில்லை. இவ்வளவு கச்சிதமான பொருத்தத்தைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. அந்த அளவுக்கு நான் மாக்கின் கட்சி.

பூமிச் சுழற்சிக்கு நம் கரையில் இன்னொரு சாட்சியான புயலைப் பற்றி இரண்டு வரி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையில் கரை கடந்தபோது முதலில் வடக்கிலிருந்தும், கண் கடந்த பிறகு தெற்கிலிருந்தும் அடித்த காற்றைக் காசிமேட்டில் படகு கட்டியிருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இடஞ்சுழியாகச் சுழலும் புயலின் முன்பக்கமும் பின்பக்கமும் அவை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமும் நாள்கணக்கில் ஆயுளும் உள்ள அமைப்பு என்பதால் பூமியின் சுழற்சி அங்கே வேலை செய்ய முடிகிறது. வாஷ்பேசின் தண்ணீர் சுழிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் உண்டு என்று காட்டும் வீடியோவை வகுப்பில் போடாதீர்கள்.

இந்த இதழில் ஃபூக்கோ ஊசல் செய்முறை குறித்த கட்டுரை வருகிறது. அதைப் படித்துவிட்டுப் பள்ளி மாடிப்படிகளின் நடுவே உள்ள திறப்பில் ஊசல் கட்டப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1851-இல் பாரீஸ் பாந்தியனில் தொங்கிய ஊசல் மணிக்குப் பதினோரு டிகிரிக்கு மேல் திரும்பியது. டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் ஊசல் ஒரு முழுச் சுற்றுக்கு 50 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நம் அட்சரேகையில் செங்குத்துக் கூறு மணிக்கு 3.4 டிகிரிதான், முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 105 மணி நேரம். முக்கால் மணி நேர வகுப்பில் இரண்டரை டிகிரி கிடைக்கும். இவ்வளவு சிறிய விளைவை வேறொன்று எளிதாக விழுங்கிவிடும். ஊசல் நேர்கோட்டில் ஆடாமல் சற்றே நீள்வட்டமாக ஆடினால் அந்த நீள்வட்டமே தானாகத் திரும்பும். 1851-லேயே வானியலாளர் ஏரி (Airy) இதைக் கணக்கிட்டுக் காட்டினார். பத்து மீட்டர் கம்பியில் அரை மீட்டர் வீச்சு வைத்து, குறுக்கே வெறும் ஒரு சென்டிமீட்டர் விலகல் இருந்தால், அந்தப் பொய்த் திரும்பல் மணிக்கு 3.8 டிகிரி, பூமி தருவதைவிடக் கூடுதல். நீள்வட்டம் இடஞ்சுழியானால், பூமி தரும் வலஞ்சுழித் திரும்பலுக்கு எதிராகவே ஊசல் திரும்பிக் காட்டும். எனவே குண்டைக் கையால் விடாதீர்கள். நூலில் இழுத்துக் கட்டி, அசைவு முழுக்க அடங்கிய பிறகு நூலைத் தீயால் அறுத்து விடுங்கள். கம்பியின் மேல்முனைப் பிடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வெவ்வேறு திசைகளில் ஆட்டிச் சரிபாருங்கள். வீச்சைக் குறைத்தால் பிழை குறையும். ஆனால் தரையில் குறிக்கும் கோடுகளும் நெருங்கிவிடும். எங்கே நிறுத்துவது என்பதை உங்கள் கூரையின் உயரம் முடிவு செய்யும். முடிவு வலஞ்சுழியாக வராவிட்டாலும், வந்த அளவீட்டை அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள். நீள்வட்டத்தின் அகலத்தையும் குறித்து அனுப்பினால் பிரசுரிக்க இடம் உண்டு.